ஊவாவின்மேற் பறந்த கொடிகள்

தமிழிற் ‘கொடி’ என்னுஞ் சொல் பற்றிப் படரும் செடியையும் குறிக்கும். காற்றில் அசையும் துணியையும் குறிக்கும். இரண்டும் பற்றுக்கோடின்றி நில்லா. முல்லைக்குக் கொழுகொம்பு எவ்வாறோ, துணிக்குக் கம்பம் அவ்வாறு. துவசம், பதாகை, கேதனம் என வடமொழிவழி வந்த பெயர்கள் பல உளவேனும் மக்கள் நாவில் நிலைத்தது கொடி என்பதே. கோயிலிற் கொடியேற்றம் என்றால் பாமரரும் அறிவர். துவசாரோகணம் என்றால் குருக்களைத்தான் கேட்கவேண்டும்.

நம் புலவர்கள் கொடியை வெறுந் துணியாகக் கண்டாரல்லர். அதனைக் கையாகக் கண்டனர். கோவலனும் கண்ணகியும் மதுரையின் மதிற்புறத்தை அடைந்தபோது, அம்மதிலின் மேல் அசைந்த கொடிகள் இவ்வூருக்கு வாரற்க எனக் கைகாட்டித் தடுப்பன போன்றிருந்தன என்று இளங்கோவடிகள் பாடினார். விசுவாமித்திர முனிவரோடு இராமன் மிதிலையுட் புகுந்தபோது, அந்நகரத்துக் கொடிகள் கைகளை நீட்டி விரைந்து வருகவென அவனை அழைப்பன போன்றிருந்தன என்று கம்பர் பாடினார். காற்று ஒன்றே; துணியின் அசைவும் ஒன்றே. ஒருவருக்கு அது வருக என்கின்றது. மற்றொருவருக்கு வாரற்க என்கின்றது. நாம் வாழும் ஊவா நாட்டின்மேற் பறந்த கொடிகளின் வரலாற்றை ஆராயுமிடத்து, இவ்விரு புலவரின் கற்பனையும் மாறிமாறி நினைவுக்கு வருதல் வியப்பன்று.

ஊவா இன்று ஒரு மாகாணம். ஆயினும் ஒருகாலத்தில் இஃது ஓர் இளவரசன் ஆண்ட தனி நாடாக இருந்தது என்பதைப் பழைய மாணவர் பலர் மறந்திருக்கக்கூடும். கண்டியில் 1604 முதல் 1635 வரை அரசு செலுத்திய செனரத் மன்னன் தன் இராச்சியத்தை இளவரசர் மூவர்க்கும் பங்கிட்டான். தலைநகரைச் சூழ்ந்த மலைநாடு இராஜசிங்கனுக்கும், மாத்தளை விஜயபாலனுக்கும், ஊவா குமாரசிங்கனுக்கும் உரியவாயின. குமாரசிங்கன் ஆண்ட ஊவாவின் தலைநகர் நம் பதுளையே. ஐரோப்பாவிற் சிற்றரசுகள் பல அரண்மனையும் நாணயமும் கொடியுமாக விளங்கிய அதே நூற்றாண்டில், நமுனுகுலை மலையடியிலும் ஒரு சிற்றரசு இருந்ததென்க.

அச்சிற்றரசின்மேல் அயலார் கொடி ஏறுதற்கு ஒருமுறை முயன்றது. 1630ஆம் ஆண்டு போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா பெரும்படையோடு ஊவாவுட் புகுந்து பதுளையைத் தீயிட்டான். மீளும் வழியில் வெல்லவாயாவை அடுத்த ரந்தெனிவெலையில் அவன் படை சூழப்பட்டது. அவனோடு வந்த உள்நாட்டு வீரர் பக்கம் மாறினர். ஓகஸ்ட் 25ஆம் நாள் அவன் அங்கேயே மடிந்தான். போர்த்துக்கேயர் கொடி பதுளைக்கு வந்தது உண்மை, நிலைத்ததில்லை. ஒல்லாந்தர்க்கோ கரையோரத்துக் கறுவாவே போதுமாயிருந்தது.

குமாரசிங்கனுக்குப் பின் ஊவா மீண்டும் கண்டியரசின் ஒரு பிரிவாகித் திசாவை ஒருவரின் ஆட்சிக்கு உட்பட்டது. கண்டியரசின் பெரும் பிரிவுகள் தத்தமக்கெனக் கொடி உடையன. நாலு கோறளைக்குச் சூரியனும் சந்திரனும், ஊவாவுக்கு அன்னம். அன்னத்தைச் சிங்கள மொழியில் ‘ஹங்ச’ என்பர். வடமொழியில் அது ‘ஹம்ச’. தமிழில் அன்னம் என்றும் அஞ்சம் என்றும் வழங்கும்; ஓதிமம், எகினம் என்பனவும் அதன் பெயர்களே. பாலையும் நீரையும் பிரித்துண்ணும் பறவையென்று நம்மவர் அதனைப் போற்றினர். நான்முகன் அன்னமாய்ப் பறந்து சிவபெருமானின் முடி தேடிக் காணாது மீண்ட கதை சைவ மாணவர் அறிந்ததே. அவ்வன்னம் பதுளைப் பக்கம் வந்திருப்பின் நமுனுகுலையின் முடியையாவது கண்டு திரும்பியிருக்கும்! வேடிக்கை நிற்க. சிங்கமும் புலியும் கழுகும் கொடியில் விளங்க வேண்டுமென்று மன்னர் பலர் விரும்பிய உலகில், ஒரு நாடு அன்னத்தைத் தன் அடையாளமாகக் கொண்டது என்பதே அந்நாட்டைப் பற்றி ஏதோ கூறுகின்றது.

இக்கொடிகளைக் கண்டியில் ஆண்டுதோறும் நிகழும் எசல பெரஹராவில் இன்றும் காணலாம். கசையடிப்போர் முன்செல்ல, அவர் பின்னே கொடிகளைத் தாங்குவோர் நிரைநிரையாக வருவர். ஈண்டு ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். அப்பெரஹராவில் தலதா மாளிகையின் ஊர்வலத்தைத் தொடர்ந்து நாதர், விஷ்ணு, கதிர்காமத் தெய்வம், பத்தினி ஆகியோரின் தேவாலயங்கள் நான்கின் ஊர்வலங்களும் வரும். பத்தினியென்பாள் நம் கண்ணகியே. மதுரைக் கொடிகள் வாரற்க என்று தடுத்த அதே பெண், இலங்கையின் மலைநாட்டிற் கொடியும் மேளமும் முன்செல்லத் தெய்வமாய் உலா வருகின்றாள். கதிர்காமத் தெய்வமோ சேவற்கொடியோன். அவன் உறையும் கதிர்காமம் ஊவா மாகாணத்துக்குள்ளேயே இருப்பது. ஆகவே அன்னக்கொடியும் சேவற்கொடியும் ஒரே மண்ணுக்கு உரியன.

அடுத்துச் சிங்கக்கொடிக்கு வருவோம். கண்டியரசரின் கொடியில் வாளேந்திய சிங்கம் விளங்கியது. அக்கொடியைக் கடைசியாக உயர்த்தியவன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். அவன் இயற்பெயர் கண்ணுசாமி. 1739ஆம் ஆண்டு முதல் கண்டியை ஆண்ட நாயக்கர் மரபில் வந்தவன். அம்மரபினர் மதுரைப் பக்கத்திலிருந்து மணவுறவினால் இந்நாட்டுக்கு வந்தோர். சைவ வழிபாட்டிற் பழகியும் பௌத்தத்தைப் பேணியும் அரசாண்டோர். அவருள் ஒருவனாகிய கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்திலேதான், 1753ஆம் ஆண்டு, சீயத்திலிருந்து பிக்குகள் வந்து உபசம்பதை நெறியை மீள நிறுவினர். சிங்கக்கொடி யாருடைய கொடியென்று பிற்காலத்திற் பலர் வாதித்தனர். அதனைக் கடைசியாகத் தாங்கிய மன்னனின் இயற்பெயர் கண்ணுசாமி என்பதை அவ்வாதத்தில் ஈடுபட்டோர் எளிதில் மறந்துவிடுவர்.

1815 பெப்ரவரி 18ஆம் நாள் மெதமகாநுவரையில் அம்மன்னன் பிடிபட்டான். மார்ச்சு 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை கையொப்பமாயிற்று. பிரித்தானியக் கொடி ஏறியது. உடன்படிக்கை முடியுமுன்னரே அக்கொடியை ஏற்றிவிட்டனரென்றும், வாரியப்பொல ஸ்ரீ சுமங்கல தேரர் அதனை இறக்கிச் சினந்தாரென்றும் ஒரு கதை வழங்குகின்றது. வரலாற்றாசிரியர் அனைவரும் அதனை ஒப்புக்கொள்வதில்லை. மன்னன் வேலூர்க் கோட்டையில் இருத்தப்பட்டு 1832ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் இறந்தான். அவன் கொடி இங்கிலாந்துக்குச் சென்றது.

ஊவா அவ்வளவில் அடங்கிவிடவில்லை. 1817ஆம் ஆண்டு வெல்லஸ்ஸையிலே ஒருவன் தன்னைத் துரைசாமியென்றும், நாயக்க அரசகுலத்தினனென்றும் கூறிக்கொண்டு தோன்றினான். உண்மையில் அவன் வில்பாவே என்னும் பெயரினன், முன்னர்த் துறவியாயிருந்தவன். அதனை விசாரிக்கச் சென்ற பதுளை அதிகாரி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் அம்பெய்து கொல்லப்பட்டான். கிளர்ச்சியை அடக்குவதற்கென அனுப்பப்பட்டவர் ஊவாவின் திசாவை கெப்பெட்டிப்பொல. அவர் கிளர்ச்சியாளரோடே சேர்ந்துகொண்டார். ஊவாவிலும் வெல்லஸ்ஸையிலும் வயல்கள் எரிந்தன, குளங்கள் உடைந்தன, ஊர்கள் பாழாயின. 1818 நவம்பர் 26ஆம் நாள் கெப்பெட்டிப்பொல கண்டியிலே தலை வெட்டுண்டார். அவர் மண்டையோட்டை ஹென்றி மார்சல் என்னும் மருத்துவர் எடின்பரோவுக்கு எடுத்துச் சென்றார். 1954ஆம் ஆண்டு அது தாய்நாடு மீண்டது. ஊவாவின் சிங்கள மக்கள் துரைசாமி என்னும் பெயரைக் கேட்டு எழுந்தனர் என்பதையும் நம் மாணவர் மனத்திற் கொள்ளுதல் நன்று.

பின்னர்த் தோட்டங்கள் வந்தன; முதலிற் கோப்பி, அடுத்துத் தேயிலை. நம் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தனர். 1886ஆம் ஆண்டு ஊவா தனி மாகாணமாயிற்று. 1924இல் இருப்புப்பாதை பதுளையை அடைந்தது. அக்காலத்தில் இலங்கைக் குடியேற்ற நாட்டுக்கெனத் தனியாக ஒரு கொடியும் இருந்தது. நீலத் துணியில் ஒரு மூலையிற் பிரித்தானியக் கொடி. வலப்பக்கம் ஒரு வட்டம். அவ்வட்டத்தினுள்ளே தாதுகோபம் ஒன்றும் அதன் முன்னே யானையொன்றும். சிங்கத்தை எடுத்துச் சென்றவர் யானையைத் தந்தனர் எனலாம். துரைமாரின் பங்களாவில் எக்கொடி பறந்தாலும் லயங்களில் வாழ்ந்தோர்க்கு அஃது எட்டாத தொலைவினது. அவர் கையால் ஏற்றிய கொடி தோட்டத்து மாரியம்மன் திருவிழாக் கொடி ஒன்றே.

இங்கிலாந்து சென்ற சிங்கக்கொடி செல்சியிலுள்ள படைவீரர் இல்லத்தில் நூறாண்டு தூங்கிற்று. அதனைத் தேடிக் கண்டவர் ஈ. டபிள்யு. பெரேராவும் டி. ஆர். விஜயவர்த்தனவும் ஆவர். கண்டி வீழ்ந்த நூறாம் ஆண்டாகிய 1915இல் அதன் படம் ‘தினமின’ இதழில் வெளிவந்தது. ஒரு தலைமுறையினர் தம் நாட்டுக் கொடியை அன்றுதான் முதன்முதற் கண்டனர். அடுத்த ஆண்டிற் பெரேரா சிங்களக் கொடிகளைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். நம் தமிழரசரின் கொடிகளை அவ்வாறு தேடித் தொகுத்தவர் எவரேனும் உண்டோ? யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் நந்தியை அவர்தம் நாணயங்களில் ‘சேது’ என்னும் எழுத்தோடு காண்கின்றோம். அவர் ஏற்றிய துணியொன்றேனும் நம் கைக்கு எட்டவில்லை.

1948 சனவரித் திங்களிற் சுதந்திரம் வாயிலில் நின்றது. எக்கொடியை ஏற்றுவது என்னும் வினா எழுந்தது. சிங்கக்கொடியே நாட்டின் கொடியாதல் வேண்டுமெனப் பாராளுமன்றத்தில் முன்மொழிந்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் ஏ. சின்னலெப்பை. தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவரே சிங்கக்கொடியை முன்மொழிந்தார் என்பது பலர் அறியாத செய்தி. ஆயினும் தமிழ் உறுப்பினர் சிலர் ஐயுற்றனர். சிங்கம் ஓரினத்தின் சின்னமன்றோ, ஏனையோர் எங்கே நிற்பது என்பதே அவர் வினா. ஆகவே தேசியக் கொடிக் குழுவொன்று அமைக்கப்பட்டது. எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்க அதன் தலைவர். சேர் ஜோன் கொத்தலாவலை, ஜே. ஆர். ஜயவர்த்தன, ரி. பி. ஜாயா, எல். ஏ. ராஜபக்ச, ஜி. ஜி. பொன்னம்பலம், செனட்டர் எஸ். நடேசன் ஆகியோர் உறுப்பினர். பெப்ரவரி 4ஆம் நாள் சுதந்திரம் வந்தபோது குழு தன் வேலையை முடித்திருக்கவில்லை. கோடுகள் இல்லாத சிங்கக்கொடியே அன்று ஏறியது.

குழு கண்ட முடிவு யாவரும் அறிந்ததே. கருஞ்சிவப்பு நிலத்திற் சிங்கம் முன்போலவே நின்றது. கம்பத்தின் பக்கமாக இரண்டு நெடுங்கோடுகள் சேர்க்கப்பட்டன. பச்சை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழர்க்கு. மஞ்சட் கரை இரு பகுதிகளையும் வளைத்து நின்றது. செனட்டர் நடேசன் இம்முடிவுக்கு இசையாது மாறுபட்டார். பாராளுமன்றம் இக்கொடியை ஏற்ற நாள் 1951 மார்ச்சு 2. கண்டி உடன்படிக்கை கையொப்பமான அதே நாள். நூற்று முப்பத்தாறு ஆண்டு கழிந்திருந்தது.

ஒரு கொடியில் ஒன்றைச் சேர்த்தல் சிறிய செயலன்று. உலகில் இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஐரோப்பாவில் சுவிற்சலாந்துக்கும் ஒஸ்திரியாவுக்கும் இடையே லீக்டென்ஸ்டைன் என்றொரு சிற்றரசு உளது. 1719இல் தோன்றியது, பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீற்றர், நம் ஊவாவுக்குள் ஐம்பது லீக்டென்ஸ்டைன்கள் அடங்கும். மேலே நீலம், கீழே சிவப்பு என இரு பட்டைகளே அதன் கொடி. 1921ஆம் ஆண்டு அரசியலமைப்பிலும் இவ்விரு நிறங்களே எழுதப்பட்டன. 1936இற் பேர்லின் நகரில் ஒலிம்பிக் விளையாட்டு நிகழ்ந்தபோது அந்நாட்டு வீரர் தம் கொடியோடு சென்றனர். அங்கே மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த எயிற்றி நாட்டவரும் அதே நீலமும் அதே சிவப்பும் உடைய கொடியை ஏந்தி வந்திருந்தனர்! அடுத்த ஆண்டே லீக்டென்ஸ்டைன் தன் கொடியின் நீலப் பட்டையிற் பொன்முடியொன்றைச் சேர்த்துக்கொண்டது. மொனாக்கோ என்னும் மற்றொரு சிற்றரசின் கதை வேறு. சிவப்பும் வெள்ளையுமான அதன் கொடியும் இந்தோனீசியாவின் கொடியும் இன்றும் ஒன்றே. நீள அகல அளவு மாத்திரம் மாறும். அவ்விரு நாடுகளும் அதனோடு வாழப் பழகிவிட்டன.

லீக்டென்ஸ்டைன் சேர்த்த முடி அயலார் கண்ணுக்காக. தன்னைப் பிறரினின்று பிரித்துக்காட்ட அது வேண்டியிருந்தது. நம் நாடு சேர்த்த கோடுகளோ வீட்டுக்குள் இருப்போர்க்காக. நீங்களும் இதில் உள்ளீர் என்று கூறுதற்கு வந்தவை அவை. முடி ஓராண்டில் தன் வேலையை முடித்தது. கோடுகளின் வேலை அத்துணை எளிதன்று. அக்கோடுகள் சிங்கம் நிற்கும் கட்டத்துக்கு உள்ளேயா, வெளியேயா என்னும் வினாவைத் தமிழ்ப் பெரியார் பலர் அன்றே எழுப்பினர். இன்றும் நாம் அதனைக் கேட்கின்றோம். எனினும் மலையகத்துத் தமிழனாகிய எனக்கு அதனினும் முந்திய வினாவொன்று உண்டு. அச்செம்மஞ்சட் கோட்டில் நாம் இருந்தோமா?

ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். குழு அமைந்தது 1948 சனவரியில். அதே ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறி நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் அச்சட்டத்தினாற் பிரசைகளாகவில்லை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றிருந்தனர். அடுத்த தேர்தலில் அவ்வெழுவரைத் தேர்ந்தெடுத்தோருக்கு வாக்கில்லை. 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்கச் சட்டம், விண்ணப்பித்தோர்க்குப் பிரசாவுரிமை தரலாமென்று வந்தது. 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கு வாழ்ந்ததைக் காட்டவேண்டும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் 1951 ஓகஸ்ட் 5. கொடி ஏற்கப்பட்டது அதே ஆண்டு மார்ச்சு 2. அஃதாவது, தமிழர்க்கென ஒரு கோட்டைப் பாராளுமன்றம் ஒப்புக்கொண்ட அந்நாளில், நம் பாட்டன்மார் தாம் இந்நாட்டினர் என்பதற்குச் சான்று தேடித் தோட்டத்துச் செக்குறோலையும் பிறப்புப் பதிவையும் கையில் வைத்துக்கொண்டு அலைந்திருந்தனர். கொடி வருக என்றது. சட்டம் வாரற்க என்றது. இரு புலவரின் கொடிகளும் ஒரே கம்பத்தில் ஏறினாற்போல் இருந்தது அக்காலம்.

எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். பெற்றோர் அவருள் ஆறிலொரு பங்கினரே.

என் பாட்டனார் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே தையல் தொழில் செய்தவர். தோட்டப் பாடசாலைக்குச் சுதந்திர தினக் கொடியைத் தைத்துக் கொடுப்பது அவர் வழக்கமென்று என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கின்றேன். சிங்கத்தை வேறொருவர் சாயத்தில் எழுதிக் கொடுப்பார். கரையும் கோடுகளும் பாட்டனார் பொறுப்பு. தாமளித்த விண்ணப்பம் மறுக்கப்பட்ட ஆண்டிலும் அவர் அக்கொடியைத் தைத்தார். காற்று கிழிப்பது சிங்கத்தின் வாற்பக்கத்தையே; ஆனாற் கயிற்றின் இழுப்பு முழுவதும் விழுவது கம்பத்துப் பக்கத்துக் கோடுகளின் மேல்; ஆதலின் அங்கே இரட்டைத் தையல் போடவேண்டும் என்பாராம். தொழிலறிந்தவர் சொல்லாக மாத்திரம் இதனை நான் முன்னர்க் கேட்டிருந்தேன். 1988ஆம் ஆண்டு நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வந்தபோது அவர் இல்லை.

அதற்கிடையில் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறின் போதும். 1964 ஒக்தோபர் 30ஆம் நாள் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களை எண்ணிக் கூறுபோட்டது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரவர் இந்தியாவுக்கு. மூன்று இலட்சத்தவர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தவரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பதுளைப் புகையிரத நிலையத்திலிருந்து தலைமன்னார் வழியாகச் சென்ற உறவினரை இழந்த குடும்பம் நம் பழைய மாணவரிடையே எத்தனை என்பதை நான் கூறவேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டமே, அந்த ஒப்பந்த நாள் முதல் இங்கு நிலையாய் வாழ்ந்தோர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமையை உறுதிசெய்தது. கொடியிற் கோடு வந்து ஐம்பத்திரண்டு ஆண்டு சென்றபின் என்க.

கொடியிலும் இடையே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1972 மே 22ஆம் நாள் நாடு குடியரசானபோது, சிங்கத்தைச் சூழ நான்கு மூலைகளிலும் இருந்த கூம்பு வடிவ அணிகள் அரசிலைகளாக மாறின. மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் பௌத்த நற்பண்புகள் நான்கையும் அவை குறிக்கும். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 6ஆம் உறுப்புரை தேசியக் கொடி இன்னதென்று வரையறுக்கின்றது. அங்கே அதன் பெயர் சிங்கக்கொடி என்பதே. கோடுகள் படத்தில் உள, பெயரில் இல. சொல்லாராய்ச்சியில் ஈடுபட்ட ஆசிரியன் இதனைக் காணாது செல்லுதல் இயலாது.

மாணவர்க்கு ஒரு செய்முறைக் குறிப்பு. விழா நாள்களிற் கொடியைத் தலைகீழாய்க் கட்டிவிட்டு நாணுவோரைப் பல பாடசாலைகளிற் கண்டிருக்கின்றேன். பச்சைக் கோடு கம்பத்தை ஒட்டியும், அதனை அடுத்துச் செம்மஞ்சளும், பின்னரே சிங்கமும் வரல் வேண்டும். சிங்கத்தின் முகம் கம்பத்தை நோக்கும். வாளின் நுனி வானை நோக்கும். கட்டுமுன் வாளைப் பார்த்தாற் பிழை நேராது.

இனி அன்னத்தின் கதையில் எஞ்சியது ஒன்றே. 1815க்குப் பின் அது பெரஹராவிலும் நூல்களிலும் மாத்திரம் வாழ்ந்தது. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தத்தினால் மாகாண சபைகள் தோன்றின. மாகாணங்கள் தத்தமக்குக் கொடி வகுத்துக்கொண்டபோது ஊவாவின் கொடி நடுவில் மீண்டும் அன்னம் வந்து நின்றது. பதுளையில் மாகாண அலுவலகங்களின் முன்றிலிற் சிங்கக்கொடியின் பக்கத்தே அதனைக் காணலாம். அதனைத் தாரா என்று என்னிடம் கூறிய மாணவர் இருவர். கொக்கு என்றவன் ஒருவன். பதுளைக்குச் சந்தைக்கு வருவோரும் வைத்தியசாலைக்கு வருவோரும் அதன் கீழாலேயே நடந்து செல்கின்றனர். சிங்களர் அதனை ஹங்ச என்கின்றனர். நாம் அன்னம் என்கின்றோம்.